கடிதத்தை ஏஐ எழுதட்டும், கையெழுத்து நம்முடையது: மலையகப் பிரதேச செயலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

10 பேர்ச்சஸ் காணி பற்றிய ஒரு சிங்களக் கடிதம். தோட்டத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அதைத் தமிழில் அனுப்ப வேண்டும். மொழிபெயர்ப்பாளர் லீவு. கோவையை (ஃபைலை) கையில் வைத்திருந்த இளம் உத்தியோகத்தர் போனை எடுத்து ஏஐயிடம் கொடுத்தார். அரை நிமிடத்தில் தமிழ் வந்துவிட்டது, வாசிக்க நல்ல தமிழ். ஆனால் ‘10 பேர்ச்சஸ்’ என்பது ‘10 சென்ட்’ ஆகியிருந்தது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. கணக்குப் போட்டால் 10 சென்ட் என்பது 16 பேர்ச்சஸ். அந்தக் கடிதம் போயிருந்தால், அவர்கள் 6 பேர்ச்சஸ் கூடக் கேட்டு வந்து நின்றிருப்பார்கள். எழுத்தில் நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருந்திருக்கும்.

நான் இலங்கையின் மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் தமிழ்க் கடிதங்களோடு மாரடிக்கிறவன். ஏஐ வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. அறிவித்தல் தாளில் இருக்கிறது. தமிழில் கடிதம் எழுதத் தெரிந்த ஆள் கதிரையில் இருக்கிறாரா என்பது வேறு கதை. சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு, “இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க மாஸ்டர்” என்று அலைகிற அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இடைவெளிக்கு இந்தக் கருவி நிச்சயம் கைகொடுக்கும்.

ஆனால் ஓர் எழுத்துப் பிழை நம் ஆட்களை எத்தனை வருடம் அலைக்கழிக்கும் என்று நமக்குத் தெரியும். முன்பு அந்தப் பிழையை யாரோ கையால் எழுதினார்கள். கோணல் எழுத்தைப் பார்த்தாலே ஒரு சந்தேகம் வரும். இப்போது வரும் பிழை அச்சடித்த மாதிரி அழகாக வருகிறது, யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. கீழே உள்ள படிகளை அந்தப் பயத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

படி 1: வேலையை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, உங்கள் மேசையில் ஒரு வாரம் நடக்கும் வேலைகளை எழுதுங்கள்.

முதல் குவியல், எந்த மனிதரையும் பற்றியது அல்லாத வேலை. நடமாடும் சேவை அறிவித்தல், கூட்ட நிகழ்ச்சி நிரல், எக்செல் சூத்திரம், வெளியான சுற்றறிக்கையின் சாரத்தை நீங்கள் புரிந்துகொள்வது. இதற்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட ஆளுக்குப் போகும் கடிதம், அவரிடமிருந்து வந்த முறைப்பாடு, கள அறிக்கை. இதில் ஏஐ வரைவு எழுதலாம். ஆனால் 2, 3, 4ஆம் படிகளைத் தாண்டித்தான் அது வெளியே போக வேண்டும்.

மூன்றாவது, தொடவே கூடாதது. யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்ற முடிவு. சிறுவர் பாதுகாப்பு, குடும்ப வன்முறை தொடர்பான கோவைகள். சான்றிதழின் உள்ளடக்கம். அனர்த்த எச்சரிக்கை.

நடைமுறையில் சண்டை வருவது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான். சந்தேகம் இருந்தால் மூன்றில் போடுங்கள். இந்தத் தாளைப் பிரதேச செயலாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். வாய்ப்பேச்சாக இருந்தால் இடமாற்றத்தோடு போய்விடும்.

படி 2: பெட்டிக்குள் எதைப் போடக் கூடாது

கிராம உத்தியோகத்தர்கள் பலர் செய்யும் வேலை இது: பிறப்புச் சான்றிதழைப் போனில் படம் பிடித்து, “இதை டைப் பண்ணித் தா” என்று ஏதாவது இலவசக் கருவியில் போடுவது. நேரம் மிச்சமாவது உண்மைதான். அந்தப் படம் அதற்குப் பிறகு எந்த நாட்டுக் கணினியில் கிடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, சான்றிதழின் சொந்தக்காரருக்கும் தெரியாது.

“பெயரை மறைச்சிட்டேன் சேர், அடையாள அட்டை நம்பர் மட்டும்தான் இருக்கு” என்று ஒருவர் சொன்னார். அந்த நம்பரைக் கொஞ்சம் பாருங்கள். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 1985532 என்று தொடங்கினால், 1985 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண். பழைய எண்ணிலும் இதே கதைதான், வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும். பெயரை மறைத்துவிட்டு இந்த எண்ணை விடுவது, முகத்தை மூடிக்கொண்டு வீட்டு விலாசத்தைக் கழுத்தில் தொங்கவிடுகிற மாதிரி.

அப்புறம், தோட்டம் சின்ன இடம். “இரட்டைப் பிள்ளைகள் உள்ள, கணவரை இழந்த, சிறுநீரக நோயாளியான தாய்” என்று எழுதினால் பெயரே வேண்டாம், அந்த டிவிஷனில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும். ஆகவே மறைக்கும்போது பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி, வங்கிக் கணக்கு, தோட்டம், டிவிஷன், லய எண் (தோட்டத்து வரிசை வீட்டின் எண்) எல்லாவற்றையும் எடுங்கள். நோய் விபரத்தை ‘மருத்துவக் காரணம்’ என்று சுருக்குங்கள். கடிதத்தின் எலும்புக்கூடு மட்டும் போதும்: “விண்ணப்பதாரருக்கு இரண்டு ஆவணங்கள் குறைகின்றன, 14 நாட்களுக்குள் கொண்டுவரச் சொல்லிப் பணிவான கடிதம்.” மிச்சத்தைக் கையால் நிரப்ப இரண்டு நிமிடம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலையும் சிறுவர் பற்றிய தகவலையும் விசேட வகையாக வைத்திருக்கிறது. நம் மேசைக்கு வருவதில் பாதி அதுதான். இந்தச் சட்டத்துக்குத் திருத்தமும் வந்திருப்பதால், திருத்திய பிரதியை அலுவலகத்தில் வைத்திருங்கள்.

சொந்தப் போன், சொந்தக் கணக்கு இரண்டும் வேண்டாம். அலுவலகக் கணக்கு ஒன்று எடுத்து, அமைப்புகளில் ‘உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாதே’ என்ற தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். அதைப் போட்டுவிட்டோம் என்று மறைக்கும் வேலையை நிறுத்திவிடாதீர்கள்.

படி 3: பெயரைக் கையால் எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன்.

தமிழில் ‘காகம்’ என்பதில் முதலில் வரும் ககரத்துக்கும் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரத்துக்கும் ஒரே எழுத்து. சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. ஆங்கிலத்திலும் அப்படியே. ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் இதே தொல்லை. தமிழில் ‘கணேசன்’ என்று கொடுத்தால், அது காகத்துக் ககரமா, தங்கத்துக் ககரமா என்று இயந்திரம் ஊகிக்க வேண்டும். இன்றைக்கு ஒரு மாதிரி ஊகிக்கும், நாளைக்கு வேறு மாதிரி. ஆனால் அந்த மனிதரின் பிறப்புச் சான்றிதழில் 40 வருடத்துக்கு முன்பு ஒரு பதிவாளர் தன் காதில் விழுந்தபடி எழுதிய ஓர் எழுத்து இருக்கிறது. சரியோ பிழையோ, சட்டப்படி அதுதான் அவர்.

இன்னொன்று, இயந்திரம் நல்லது செய்வதாக நினைத்துத் திருத்தும். சான்றிதழில் ‘முத்துலெட்சுமி’ என்று இருக்கும், அது ‘முத்துலட்சுமி’ ஆக்கும். நம்மிடம் கேட்பதும் இல்லை, திருத்தினேன் என்று சொல்வதும் இல்லை. பெயரை மொழிபெயர்த்துவிடுவதும் உண்டு: ‘தங்கம்’ என்ற அம்மாவுக்குச் சிங்களத்தில் எழுதச் சொன்னால் ‘ரத்தரன்’ என்று தொடங்கும். கேட்டால் சிரிப்பு வருகிறது. வங்கியில் பணம் எடுக்கப் போன அம்மாவுக்குச் சிரிப்பு வராது. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, மகளை ‘திரு’ போட்டு அழைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே செய்ய வேண்டியது இது. வரைவில் பெயர் வரும் இடத்தில் ‘பெயர் 1’, ‘பெயர் 2’ என்று மட்டும் கொடுங்கள். வரைவு வந்த பிறகு பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து நீங்களே தட்டுங்கள். இன்னொருவர் மூலப்பிரதியைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசிக்க, நீங்கள் திரையில் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் அடையாள அட்டையில் இன்னொன்றும் இருந்தால் (நம் பக்கம் இது சர்வசாதாரணம்) எது சரி என்று நீங்களும் தீர்மானிக்காதீர்கள், இயந்திரத்தையும் கேட்காதீர்கள். கோவையில் குறிப்பு எழுதி மேலே அனுப்புங்கள்.

விலாசமும் அதே மாதிரிதான். லயத்தைக் குறிக்கும் ‘லயன்’ (line) என்ற ஆங்கிலச் சொல் ‘வரி’ ஆகிவிடும். ‘4ஆம் வரி’ என்று கடிதம் வந்தால், இறைவரித் திணைக்களம் தேடுகிறதோ என்று அந்த மனிதர் பயப்படுவார்.

படி 4: எந்த ஊர்த் தமிழ்?

இந்தக் கருவிகள் படித்த தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ். இலக்கணம் சுத்தமாக இருக்கும். ஆனால் நம் நிர்வாகம் அங்கே இல்லை. நான் சேர்த்து வைத்திருக்கும் பட்டியலில் கொஞ்சம்:

வட்டாட்சியர், தாசில்தார் என்று வந்தால் பிரதேச செயலாளர்
மாவட்ட ஆட்சியர் என்றால் மாவட்டச் செயலாளர்
கிராம நிர்வாக அலுவலர் என்றால் கிராம உத்தியோகத்தர்
பத்திரம், பட்டா என்று வந்தால் மூலத்தைப் பார்க்கவும். உறுதியா, அனுமதிப்பத்திரமா என்று தெரியாமல் மாற்ற வேண்டாம்
எஸ்டேட் கண்காணிப்பாளர் என்றால் தோட்ட அத்தியட்சகர்
நிலச்சரிவு என்றால் மண்சரிவு
சென்ட் என்று எங்கே வந்தாலும் நிறுத்துங்கள்

ஒருமுறை ‘ஆதார் அட்டையின் நகலை இணைக்கவும்’ என்றும் வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் அலுவலக உதவியாளர், நான் இல்லை.

உங்கள் அலுவலகத்துக்கு இப்படி ஒரு சொற்பட்டியல் தயார் செய்யுங்கள். 50 சொல் போதும். ஒவ்வொரு தடவையும் வேலை தொடங்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்து, “இலங்கை அரச நிர்வாகத் தமிழில் எழுது, இந்தச் சொற்களையே பயன்படுத்து” என்று சொன்னால் பாதிப் பிழை குறைகிறது. மீதிப் பாதிக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். கடிதத்தை அலுவலகத்தில் கோவை வேலை செய்யாத ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். முடித்ததும், “இப்ப நீங்க என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் கடிதம் போகலாம். அவர் தலையைச் சொறிந்தால் திரும்ப எழுதுங்கள்.

சிங்களத்திலிருந்து தமிழுக்கு வரும்போது எண், திகதி, ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘அல்லது’ ஆகியவற்றைத் தனியாகப் பேனையால் வட்டமிட்டு மூலத்தோடு ஒப்பிடுங்கள். அழகான வாக்கியம் கண்ணை இழுக்கும். பிழை பெரும்பாலும் இந்தச் சின்னச் சொற்களில்தான் ஒளிந்திருக்கும்.

படி 5: சுற்றறிக்கை இலக்கம் கேட்காதீர்கள்

கேட்டால் தரும். வருடமும் இலக்கமும் திகதியும் போட்டு, அமைச்சின் பெயரோடு தரும். அப்படி ஒரு சுற்றறிக்கையே இல்லாமலும் இருக்கலாம். மூலத்தைக் கையில் எடுத்துப் பார்க்காத எந்த இலக்கத்தையும் கடிதத்தில் போடாதீர்கள். உங்களிடம் உள்ள சுற்றறிக்கையைக் கொடுத்து, “இதில் வயதெல்லை எந்தப் பந்தியில் இருக்கிறது?” என்று கேட்பது வேறு, அது பயனுள்ளது, பந்தியைத் திறந்து சரிபார்க்கவும் முடியும்.

படி 6: முடிவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்

“நாங்க ஏஐயை வெச்சு முடிவெடுக்கிறதில்லையே” என்று எல்லா அலுவலகமும் சொல்லும். சரி, கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

60 முறைப்பாடுகள் வந்திருக்கின்றன. சுருக்கித் தரச் சொல்கிறோம். ஒரு தாய் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்: கூரைத் தகரம் பழசு, கழிவறை இல்லை, மகனுக்கு வேலை இல்லை. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், “பின் சுவரில் ஒரு வெடிப்பு, மழை பெய்யப் பெய்யப் பெரிசாகுது.” சுருக்கம் வந்தது: “வீடமைப்பு உதவி கோருகிறார்.” பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் மலைச்சரிவில் உள்ள வீட்டில் பெரிதாகிக்கொண்டு போகும் வெடிப்பு, மண் நகர்வதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த வரி விழுந்ததும் அந்தக் கடிதம் அவசரக் கட்டிலிருந்து சாதாரணக் கட்டுக்குப் போய்விட்டது. முடிவு எடுத்தது யார்? சுருக்குவது, வரிசைப்படுத்துவது, ‘இது முக்கியமில்லை’ என்று விடுவது எல்லாமே முடிவுதான். ஆகவே சுருக்கத்தை வாசித்தாலும் மூலக் கடிதத்தை ஒருவர் முழுதாக வாசித்தே ஆக வேண்டும். நேரம் இல்லை என்றால் சுருக்கத்தை விடுங்கள், மூலத்தை வாசியுங்கள்.

2023 ஜூலையில் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியபோது கருமபீடத்தில் (கவுண்டரில்) இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அது ஏஐ கூட இல்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கத்திலிருந்து 22 குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளி போட்ட கணக்கு. அதற்கே லட்சக்கணக்கில் மேன்முறையீடு குவிந்தது. “பக்கத்து லயத்துக்கு வந்திருக்கு, எனக்கு ஏன் ஐயா வரல?” என்ற கேள்விக்கு, “சிஸ்டத்துல அப்படித்தான் வந்திருக்கு” என்பதைத் தவிர எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. குறிகாட்டிகள் எவை என்று தெரிந்த கணக்குக்கே இந்த நிலை என்றால், எப்படி முடிவுக்கு வந்தது என்று தானே விளக்க முடியாத ஒன்றை நடுவில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, முடிவால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் உத்தியோகத்தர் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. ‘கம்ப்யூட்டர் சொன்னது’ என்பது காரணம் ஆகாது. தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தானியங்கி முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமையைப் பேசுகிறது.

நெதர்லாந்தில் பிள்ளைப் பராமரிப்புக் கொடுப்பனவில் மோசடிக்காரர்களைத் தேடிய முறை, அந்நாட்டுக் குடியுரிமை இல்லாததை ஓர் ஆபத்துக் குறியாக எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் செய்யாத தவறுக்குப் பணம் திருப்பிக் கட்டி நொடிந்தன. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 2003 வரை பகுதி பகுதியாகக் குடியுரிமைக்குக் காத்திருந்த சமூகம் நாம். ‘ஆவணம் குறைவு’ என்பதை ஒரு கருவி ‘சந்தேகம்’ என்று படித்தால் முதலில் அடிபடுவது யார் என்று சொல்லவா வேண்டும்?

எந்தக் கருவியையும் வேலைக்கு எடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஏற்கனவே முடிந்த 20 கோவைகளை எடுத்து, விபரங்களை மறைத்துக் கொடுத்து, என்ன சொல்கிறது என்று ஒப்பிடுங்கள். பிறகு அதே விடயத்தைக் கற்பனையான ஒரு தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், முஸ்லிம் பெயர் போட்டும், நகர விலாசம், தோட்ட விலாசம் போட்டும் கொடுங்கள். பதிலின் தொனி மாறினாலே அந்த வேலைக்கு அது வேண்டாம்.

படி 7: மழை நாளில்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று மட்டத்தில் வரும்: மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் வெளியேறு. இரவு பதினொரு மணிக்கு மழை கொட்டும்போது இதைத் தமிழாக்கி வட்ஸ்அப் குழுவில் போட ஏஐயைத் தேடுவது இயல்பு. வேண்டாம். ‘தயாராக இருங்கள்’ என்பதற்கும் ‘வெளியேறுங்கள்’ என்பதற்கும் நடுவில் ஒரு சொல்தான், அது எந்தப் பக்கம் பிசகினாலும் ஆபத்து. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை மக்களுக்குப் புரியும்படி போய்ச் சேர்ந்து, அவர்களுக்குப் போக இடமும் காட்டியிருக்க வேண்டும். இது இயந்திரத்தால் ஆகிற வேலை இல்லை.

வெயில் காலத்திலேயே மூன்று மட்டத்துக்கும் தமிழிலும் சிங்களத்திலும் வாசகத்தை ஆளே எழுதி, அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தரிடம் காட்டிச் சரிபார்த்து வையுங்கள். டிவிஷன் பெயருக்கும், நேரத்துக்கும், தங்குமிடத்துக்கும் மட்டும் வெற்றிடம் விடுங்கள். இரவில் வெற்றிடத்தை நிரப்பினால் போதும்.

படி 8: குறிப்பேடு

ஒரு சாதாரண சிஆர் கொப்பி. திகதி, கோவை இலக்கம், எந்தக் கருவி, எதற்கு, யார் சரிபார்த்தது, என்ன பிழை கண்டது. ஆறு நிரல். கடைசி நிரல்தான் தங்கம், சொற்பட்டியல் அதிலிருந்துதான் வளர்கிறது. கணக்காய்வு வந்தாலும், தகவல் அறியும் விண்ணப்பம் வந்தாலும் காட்ட ஏதாவது இருக்கும். கருமபீடத்தில் மூன்று மொழியிலும் ஒரு சிறிய அறிவித்தல் போடுங்கள்: “சில கடிதங்களின் வரைவுக்குக் கணினிக் கருவியைப் பயன்படுத்துகிறோம். முடிவை உத்தியோகத்தரே எடுக்கிறார். விளங்காவிட்டால், பிழை இருந்தால் இங்கே கேளுங்கள்.” ‘இங்கே’ என்ற இடத்தில் ஓர் ஆள் உண்மையிலேயே இருக்க வேண்டும்.

படி 9: பிழை போய்விட்டால்

போகும். எல்லாப் படியையும் தாண்டி ஒன்று போகும்.

தோட்டத்திலிருந்து ஒருவர் பிரதேச செயலகத்துக்கு வந்தால் அன்றைக்குப் பேர் (நாள் சம்பளம்) விழாது. அரைப் பேர் கூட இல்லை. அதோடு பஸ் காசு, போட்டோகொப்பி காசு, கைக்குழந்தை இருந்தால் பார்க்க ஆள். ஆகவே நம் பிழைக்கு அவரைத் திரும்ப வரச் சொல்லாதீர்கள். திருத்திய கடிதத்தைக் கிராம உத்தியோகத்தர் கையில் கொடுத்தனுப்புங்கள். தோட்ட அலுவலகத்தில் தபால் கிடந்துவிடும் என்பதால் தொலைபேசியிலும் சொல்லுங்கள். பழைய கடிதம் பிழை என்று புதிய கடிதத்திலேயே எழுதுங்கள். இரண்டு கடிதத்தையும் வங்கியில் நீட்டி நிற்பவர் அவர்தான். பிழையான கடிதத்தில் ஒரு கடைசித் திகதி இருந்திருந்தால், அந்த நாட்களைத் திருப்பிக் கொடுங்கள்.

பிழையைக் கருவியின் தலையில் போடாதீர்கள். கையெழுத்துக்குக் கீழே இருப்பது உங்கள் பெயரும் முத்திரையும். பிறகு குறிப்பேட்டைத் திறந்து ஆறாவது நிரலில் எழுதுங்கள். அந்த மாதம் அதே கருவியால் போன மற்றக் கடிதங்களையும் எடுத்துப் பாருங்கள். அந்தப் பேர்ச்சஸ் கடிதத்துக்குப் பிறகு நாங்கள் அப்படித் தேடினோம். இன்னும் இரண்டு ‘சென்ட்’ கிடைத்தது. ஒன்று ஏற்கனவே தபாலில் போயிருந்தது.